யார் வீட்டு மான்?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு, நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தகர டின் தட்டிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். பி.காம். படித்த பலர் இதைவிட மோசமான சத்தமெல்லாம் போட்டுத்தான் மாசாமாசம் சம்பளம் வாங்குகிறார்கள்.

இடம், அவினாசியிலிருந்து டவுன் பஸ் பிடித்து உள்ளே போனால் வருகிற என் தாய்மாமனின் காடு.

'காடு' என்றதும் யானை, புலி என்று கற்பனையை ஓட விடாதீர்கள். கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். 'காட்டுக்குப் போயிருக்காருங்க' என்றால் ஆள் தபசு பண்ணப் போகவில்லை, களை வெட்டப் போயிருக்கிறார் என்று அர்த்தம். வனத்துறை அகராதியில் காடு வேறு. மான்கள் எந்த அகராதியைப் புரட்டின என்று தெரியவில்லை. கொங்கு அகராதியாகத்தான் இருக்க வேண்டும்.

சுற்றிலும் பார்த்தால் ஒரு பக்கம் பனியன் கம்பெனி, ஒரு பக்கம் கோழிப் பண்ணை, நடுவில் தறிச் சத்தம். மழை பெய்தால் மட்டும் ஞாபகம் வருகிற கௌசிகா நதி ஒன்று அந்த வட்டாரத்தில் உண்டு. அதன் ஓரத்துச் சீமைக் கருவேலம் புதரில்தான் புள்ளிமான்கள் குடித்தனம் பண்ணுகின்றன. புதுப்பாளையம் பக்கம் கேட்டுப் பாருங்கள், மான் பார்க்காத ஆளே கிடையாது. பகலில் புதர், ராத்திரி மாமாவின் சோளம். மெஸ்ஸில் அக்கவுண்ட் வைத்த பேச்சிலர்கள் மாதிரி நேரம் தவறாமல் வந்துவிடும்.

மாமா செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் வேலியில் பழைய புடவைகளைக் கட்டினார். நைலக்ஸ், வாயில், பூனம் என்று அத்தையின் முப்பது வருஷத்துச் சரித்திரமே வேலியில் தொங்கியது. ஒரு வாரம் மான்கள் மிரண்டன. எட்டாம் நாள் அரக்குப் புடவைக்கும் பச்சைப் புடவைக்கும் நடுவே தலையை விட்டு உள்ளே வந்துவிட்டன. அடுத்தது, டாஸ்மாக் பாட்டில்களை ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டார். காற்றில் 'கிணிங் கிணிங்' என்று மோதிக்கொள்ளும். அதைக் கேட்டு மான் வருவது நிற்கவில்லை. மாமாவைப் பற்றி ஊரில் வேறு மாதிரிப் பேச்சு வந்ததுதான் மிச்சம்.

கடைசி வைத்தியம் ராக்காவல். அதற்குத்தான் மருமகனை வரவழைத்திருந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் வந்தன. நிலா வெளிச்சம். முதலில் ஒரு தலை, அப்புறம் இரண்டு காது, அப்புறம் முதுகெல்லாம் புள்ளி. பின்னாலேயே இருபது உருப்படி. நான் டின்னை மறந்துவிட்டேன். என்ன அழகு சார்! சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சு நின்றுவிட்டது.

“மாமா, எத்தனை அழகா இருக்குது பாருங்க!”

மாமா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

“அழகுதான் மாப்ள. என்ற சோளத்தத் தின்னுதான் அந்த அழகு.”

✽

மறு திங்கட்கிழமை லீவு போட்டு மாமாவுடன் ஓர் ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். மாமா மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கிறது. சிட்டா, அடங்கல், போட்டோ, மனு எல்லாம் கையில். மனுவை வாங்கியவர் நல்ல மனுஷர்தான். கேள்விதான் கொஞ்சம் ஒரு தினுசு.

“மான்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“பாத்தனுங்க.”

“எத்தனை?”

“இருவது, இருவத்தஞ்சு இருக்குமுங்க.”

“கரெக்டாச் சொல்லணும்.”

“அட்டெண்டன்ஸ் எடுக்கலீங்.”

மனு உள்ளே போனது. இன்னும் வெளியே வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஒரு பழைய கதை சொன்னார். முந்தின கோடையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு மான் தவறி விழுந்து செத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. டாக்டர் வந்தார். பிரேதப் பரிசோதனை, பஞ்சாயத்து ஆட்கள், கையெழுத்து, போட்டோ. கிணற்றுக்குச் சொந்தக்காரர் நாலு நாள் ஸ்டேட்மெண்ட் கொடுக்க அலைந்தார்.

“தின்னும்போது அது யார் ஊட்டு மானுன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்ல மாப்ள. செத்தாச் சர்க்கார் மானாயிருது.”

எனக்குக் காலேஜ் ஞாபகம் வந்தது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் இடிக்கிற தொகையைத் தூக்கி ஒரு கணக்கில் போடச் சொல்லித் தருவார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தமிழில் அநாமத்துக் கணக்கு. யாருக்குப் பற்று, யாருக்கு வரவு என்று தெரிகிற வரை அங்கேயே கிடக்கும். காட்டுக்கு வெளியே திரியும் மான் அப்படித்தான். அநாமத்துக் கணக்கில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

✽

சரி, இந்தக் கணக்கை உலகத்தில் வேறு யாராவது எழுதிப் பார்த்திருக்கிறார்களா என்று லைப்ரரியில் உட்கார்ந்தேன். மாமா காட்டிலிருந்து கிளம்பி அமெரிக்கா போய்விட்டேன்.

அங்கே பென்சில்வேனியா என்று ஒரு மாநிலம். மான் வேட்டை அங்கே நம் ஊர் கிரிக்கெட் மாதிரி. மான்களையும் வேட்டையையும் கவனிக்க 1895-லேயே கேம் கமிஷன் என்று ஒன்றை வைத்துவிட்டார்கள். அப்போது சுட்டுச் சுட்டு மான் இனமே தீர்ந்துபோகும் நிலை. வெளி மாநிலத்திலிருந்து மான் வாங்கி வந்து விட்டார்கள். 1907-இல் பெட்டை மானைச் சுடக் கூடாது, கொம்புள்ள கிடாவை மட்டும்தான் சுடலாம் என்று சட்டம் போட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? மான் பெருகியது. பெருகி, காட்டில் முளைக்கிற மரக்கன்றுகளையெல்லாம் மொட்டையடித்துவிட்டது. பெரிய மரம் செத்தால் அந்த இடத்துக்கு வரச் சின்ன மரம் இல்லை.

1999-இல் கேரி ஆல்ட் என்ற கரடி நிபுணரிடம் மான் இலாகாவைக் கொடுத்தார்கள். அவர் ஊர் ஊராகப் போய், 'பெட்டைகளைக் கூடுதலாகச் சுட்டுக் குறைக்க வேண்டும், குட்டிக் கிடாக்களை விட்டுவைக்க வேண்டும்' என்று பிரசங்கம் பண்ணினார். 2002-இல் புது விதி. பெரும்பாலான இடங்களில், கொம்பின் ஒரு பக்கத்தில் குறைந்தது 3 முனை இருந்தால்தான் கிடாவைச் சுடலாம். அதாவது டிரிக்கரை அழுத்தும் முன் கூட்டல் கணக்கு போட வேண்டும்.

வேட்டைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 'எங்கள் காலத்தில் மரத்துக்கு மரம் மான் நின்றது. இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு வால்கூடத் தெரியவில்லை. கமிஷன் கணக்கு பொய்க் கணக்கு' என்று கிளம்பினார்கள். யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்மென் ஆஃப் பென்சில்வேனியா என்ற சங்கம் கமிஷன் மேல் வழக்கே போட்டது. ஆல்ட் சில கூட்டங்களுக்குக் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மான் சுடுகிறவர்கள் கூட்டத்தில் மான் மாதிரி நிற்பது சாமான்யமா? 2004 கடைசியில் வேலையை விட்டுவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே சண்டை மான் குறைந்துவிட்டது என்று. இங்கே மாமாவின் சண்டை மான் கூடிவிட்டது என்று. ஆனால் எனக்கு உறைத்தது வேறு விஷயம். அந்த வேட்டைக்காரர்கள் எந்த உரிமையில் கமிஷன் சட்டையைப் பிடிக்கிறார்கள்? வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் கமிஷனுக்கு முக்கியமான வரும்படி. கம்பெனி பாஷையில் சொன்னால் அவர்கள் ஷேர் ஹோல்டர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாற்காலி உண்டு, மைக் உண்டு, கத்தவும் உரிமை உண்டு.

✽

நம் பக்கத்திலும் அப்படி ஒரு நாற்காலி இருந்தது. மேட்டுப்பாளையத்தில் மலை ஏறினால் போதும்.

ஊட்டியில் 1877-இல் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வேட்டைப் பிராணிகளைக் காப்பாற்ற வேட்டைக்காரர்களே வைத்த சங்கம். 'காப்பாற்றி வைத்தால்தானே சுட முடியும்' என்பது கொள்கை. பிக்சட் டெபாசிட் தத்துவம்தான். அசலைத் தொடாதே, வட்டியைச் சாப்பிடு. 1879-இல் நீலகிரிக்கென்று தனிச் சட்டமே வந்தது. எந்த மாசம் வேட்டை, எந்த மாசம் தடை, யாருக்கு லைசென்ஸ் என்று விதிகள். கடமான், வரையாடு, ஆற்று மீன் வரைக்கும் கணக்கு.

அந்தச் சங்கத்தால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்பாரில்லாமல் சுட்டுத் தள்ளிய மலையில் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஆனால் நாற்காலி யாருக்கு? எஸ்டேட் துரை சுட்டால் அது ஸ்போர்ட். கிழங்குத் தோட்டத்தைக் காப்பாற்ற மலைக் குடியானவன் கண்ணி வைத்தால் அது திருட்டு. துப்பாக்கி வைத்திருந்தவன் வேறு, விதை போட்டவன் வேறு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கிகள் பரணுக்குப் போயின. சங்கம் கலையவில்லை. அதே சங்கம் வனவிலங்குகளைக் காக்கிற சங்கமாக மாறிவிட்டது. அதில் பொறுப்பில் இருந்த ஈ.ஆர்.சி. டேவிதார், வக்கீல். ஒரு காலத்தில் வேட்டையாடியவர். பிற்பாடு துப்பாக்கியை வைத்துவிட்டு, மலை மலையாக ஏறி வரையாடு எண்ணினார். 1975-இல் அவர் செய்த ஆய்வு வரையாடு பற்றிய முன்னோடி வேலைகளில் ஒன்று. அதற்காகத்தான் தமிழக அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு தினம் என்று வைத்திருக்கிறது.

இன்றைக்கு வரையாட்டுக்கு மவுசு. 2023 அக்டோபரில் அதற்கென்று 25 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கினார்கள். 2024-இல் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,031. 2025-இல் 1,303. பாறை நுனியில் நிற்கிற ஆட்டை, பனியிலும் காற்றிலும் ஏறிப்போய் எண்ணியிருக்கிறார்கள். சல்யூட் அடிக்க வேண்டிய வேலை.

என் கேள்வி சின்னது. பாறை மேல் நிற்பதை ஒற்றைப்படை வரை எண்ண முடிகிறது. அவினாசியில் தார் ரோட்டுக்குப் பக்கத்தில் நிற்பதை எண்ண மாமாவிடம் ஒருத்தரும் வரவில்லையே? அவரிடம் 'கரெக்டாச் சொல்லணும்' என்று கேட்கிறார்களே, அது எந்த ஊர் நியாயம்?

✽

'பேசாமல் சுட அனுமதி கொடுத்துவிட்டால் என்ன?' என்று எங்கள் ஆபீஸ் கேண்டீனில் ஒரு நண்பன் கேட்டான். அவனுக்கு மான் தெரியாது. காளான் மஞ்சூரியன்தான் தெரியும்.

அதையும் பார்த்தாகிவிட்டது. பீகாரில் நீல்காய் என்று ஒரு பெரிய மானினம். பயிரை அழிக்கிறது என்று சில மாவட்டங்களில் அதைத் தீங்குயிரி என்று மத்திய அரசு அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமா பக்கம் வெளியூர் ஷூட்டர்களை வரவழைத்து இருநூறுக்கு மேல் சுட்டார்கள். டில்லியில் இரண்டு மத்திய மந்திரிகள், மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும், பகிரங்கமாகவே மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் பீகார் விவசாயி எங்கே நின்றார் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

வாளையாறு தாண்டினால் கேரளா. அங்கே 2022-இலிருந்து காட்டுப் பன்றியைச் சுடச் சொல்லும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு. லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்கள் போய்ச் சுடலாம்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப் பன்றிக்கு உத்தரவு வந்தது. வன எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3-ஐத் தாண்டினால் வனத்துறை ஆட்களே சுடலாம். விவசாயி சுடக் கூடாது. பன்றி கிலோமீட்டர் கல் படித்து நடந்துகொள்ளும் என்று நம்புவோம். கேலி கிடக்கட்டும், பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு பன்றிக்காவது ஒரு கணக்கு பிறந்தது. புள்ளிமான் அந்த உத்தரவில் இல்லை. அது இன்னும் அநாமத்தில்தான்.

இன்னொரு பக்கம் கோயமுத்தூர் வ.உ.சி. பூங்கா மான்களை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயசில் கம்பிக்கு இந்தப்புறம் நின்று எல்லோரும் பார்த்தவைதான். 2022-இல் அந்த மிருகக்காட்சி சாலையின் அங்கீகாரம் ரத்தானது. மான்களுக்குக் காட்டுத் தீவனம் கொடுத்துப் பழக்கி, சாணியைப் பரிசோதித்து, 2024-இல் புள்ளிமான்களைச் சிறுவாணி அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அருமையான காரியம். பார்க்கில் இருந்த மானுக்கு ரெஜிஸ்டர் இருந்தது, அதனால் கவனிப்பும் இருந்தது. மாமா காட்டு மானுக்கு ரெஜிஸ்டரும் இல்லை, கவனிப்பும் இல்லை. சாப்பாடு மட்டும் உண்டு. அது மாமா செலவு.

✽

இனி நான் சொல்லத் தயங்கின விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி மான் வருவதற்கு முன்னால் ஓர் ஆள் வந்தார். மொபெட்டில், லைட் போடாமல். மாமாவைக் கட்டில் பக்கம் அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினார்.

“ஒரு வார்த்தை 'ம்'னு சொல்லுங்ணா. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். காவலுக்கு வராம ஊட்ல படுத்துக்குங்க. ரெண்டு ராத்திரி. கறி எங்களுக்கு, காடு உங்களுக்கு.”

மாமா உடனே பதில் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த மனுஷர் எறும்புப் புற்றைச் சுற்றி ஏர் ஓட்டுகிறவர். ஆனால் விதை கடன், உரம் கடன், மாட்டுக்குத் தட்டு இல்லாமல் வெளியில் காசு கொடுத்து வாங்குகிறார். மனு உள்ளே போனால் வெளியே வராது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், யோசித்தார். பிடிபட்டால் வருஷக் கணக்கில் ஜெயில் என்பது மட்டுமல்ல. வெடி வைக்கிற ஆட்கள் அவுட்டுக்காயை மானுக்கென்று வைப்பார்கள், மாடு வாயில் போடும், பிள்ளை கையில் எடுக்கும்.

“வேண்டாம் தம்பி. நீங்க போங்க” என்றார் கடைசியில்.

மொபெட் போய்விட்டது. அடுத்த காட்டுக்குப் போயிருக்கும். அங்கே இருப்பவர் எத்தனை நிமிஷம் யோசித்தாரோ?

துப்பாக்கி வைத்திருப்பவன் வேறு, விதை போட்டவன் வேறு என்று சொன்னேனே, அதற்குத்தான். சுடுவதா கூடாதா என்று டில்லியிலும் சென்னையிலும் சண்டை போடட்டும். அந்த இரண்டுக்கும் நடுவே மாமா மாதிரி ஆட்கள் தினம் ராத்திரி தனியாக உட்கார்ந்து 'ம்' சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் மான் உயிரோடிருப்பது இப்போதைக்குச் சட்டத்தால் பாதி, மாமாவின் மனசாட்சியால் பாதி. மனசாட்சிக்கு வட்டியே தராமல் எத்தனை வருஷம் கடன் வாங்குவீர்கள்?

பென்சில்வேனியாக்காரன் லைசென்ஸ் பணம் கட்டினான், நாற்காலி கிடைத்தது. துரை சந்தா கட்டினான், கிடைத்தது. மாமா சோளமாகக் கட்டுகிறார். கம்பெனி திவாலானால் செக்யூரிட்டி இல்லாமல் கடன் கொடுத்தவன் வரிசையில் பின்னால் நிற்பானே, அந்த இடம்தான் அவருக்கு. அவர் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. வந்து எண்ணுங்கள். எண்ணும்போது என்னையும் கூப்பிடுங்கள், எந்தப் புதரில் எத்தனை என்று எனக்குத் தெரியும். சேதத்துக்குத் தருகிறதை அடுத்த விதைப்புக்கு முன்னால் தாருங்கள். இவ்வளவுதான்.

✽

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ராத்திரி மேய்ந்ததில் தெற்குப் பக்கம் நாலு பாத்தி மொட்டை. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைப் போட்டார். வேலிக்கு வெளியே ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் தண்ணீர் விட்டார்.

“யாருக்கு மாமா இது? மாட்டுக்கா?”

“மானுக்கு.”

“அதுக்குத் தண்ணி வேறயா?”

“தண்ணி இல்லீன்னா கெணத்த எட்டிப் பாக்கும் மாப்ள. உள்ள உழுந்துருச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும்.” கொஞ்சம் நிறுத்தி, “குட்டி வேற ரெண்டு இருக்குது” என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பார்த்தேன். சோளம், பற்று. தூக்கம், பற்று. தண்ணீர், கரண்ட், அத்தையின் புடவைகள், எல்லாம் பற்று. வரவு யார் பேரில் எழுதுவது என்று அவினாசி வரும் வரை யோசித்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார்.